திறந்த பெட்டியும் பூட்டிய பெட்டியும்

கையடக்க வீடியோ கேம்களின் வரலாறு என்றால் ஜப்பானில் ஆரம்பித்து ஜப்பானிலேயே முடிப்பதுதான் வழக்கம். நான் பெங்களூரில், அதுவும் ஒக்கலிபுரத்தில் ஆரம்பிக்கப் போகிறேன். ஊர்ப்பாசம் என்று நீங்கள் நினைத்தால் பாதி சரி :-) மீதிப் பாதிக்குக் காரணம் உண்டு. படித்து முடிக்கும்போது ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஒக்கலிபுரம் தெரியாதவர்களுக்கு: பெங்களூர் சிட்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், ஸ்ரீராமபுரத்தை ஒட்டி இருக்கிறது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மெஜஸ்டிக். பின்னி, மினர்வா, ராஜா மில் என்று சுற்றிலும் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மில்கள் போய்விட்டன. தமிழ் போகவில்லை.

அந்தத் தெருக்களில் 1990களில் வளர்ந்த பையன்களுக்கு "கேசட்" என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று பாட்டு கேசட். இன்னொன்று டி.வி. கேம் கேசட். தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. மஞ்சள் கேசட்டின் மேல் "9999999 இன் 1" என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் மரியோ, கான்ட்ரா, இன்னும் நாலைந்து, அதன்பின் அதே விளையாட்டுகள் வேறு பெயரில். நிண்டெண்டோவின் பெட்டியை சாமுராய் என்ற பெயரில் இந்தியாவில் விற்றார்கள். ஆனால் எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் நகல் பெட்டிகள். அசல் எது, நகல் எது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் கடைக்கார அண்ணனுக்கே தெரிந்திருக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தியாவில் வளர்ந்த நமக்கு ஒரு கேசட்டுக்குள் நூறு விளையாட்டு என்பது சின்ன வயதிலேயே பழக்கம். வெளிநாட்டில் நம் பிள்ளைகளுக்கு அது புதுசு. இங்கே ஒரு கேசட், ஒரு விளையாட்டு, நாற்பது ஐம்பது டாலர். அந்த இடைவெளியில்தான் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் வந்து உட்கார்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1989ல் நிண்டெண்டோ கேம்பாய் வந்தது. நாலு பென்சில் பேட்டரி, பச்சை கலந்த திரை, 8 கிலோபைட் வேலை நினைவகம். விளையாட்டு கேசட்டில் இருப்பது ஆலையிலேயே எழுதி மூடிய சிப். படிக்கலாம், திருப்பி எழுத முடியாது. உங்கள் சொந்த நிரலை அதில் ஓட்ட வேண்டுமானால் நிண்டெண்டோவிடம் உரிமம் வாங்க வேண்டும்.

அதற்கு ஒரு தந்திரமான பூட்டும் போட்டிருந்தார்கள். கேம்பாயைப் போட்டதும் நிண்டெண்டோ என்ற பெயர் மேலிருந்து இறங்கி வந்து "டிங்" என்று ஒலிக்குமே, அது வெறும் அலங்காரம் இல்லை. அந்தப் பெயரின் படம் கேசட்டுக்குள்ளேதான் 48 பைட்டாக இருக்கும். கருவி அதைத் தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆக, கேம்பாயில் எதை ஓட்டினாலும் நிண்டெண்டோவின் வர்த்தகச் சின்னத்தை நகலெடுத்தே ஆக வேண்டும். பூட்டைத் திறந்தால் சின்னத்தைத் திருடியதாக வழக்குப் போடலாம். பொறியாளரும் வக்கீலும் சேர்ந்து உட்கார்ந்து செய்த பூட்டு! இதே மாதிரி தந்திரத்தை சேகா நிறுவனமும் செய்தது. 1992ல் அக்கோலேட் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒத்திசைவுக்கு வேறு வழி இல்லாதபோது அப்படிச் செய்வது தவறில்லை என்று சேகாவுக்கு எதிராகச் சொன்னது.

அழித்து அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப் மலிவானதும் கதை மாறியது. ஹாங்காங்கின் பங் என்ற நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் கணினியிலிருந்து விளையாட்டை ஏற்றிக்கொள்ளும் கேம்பாய் கேசட்டுகளை விற்றது. வாங்கியவர்களில் பலர் ஓசியில் விளையாடத்தான் வாங்கினார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. நிண்டெண்டோ வழக்கும் போட்டது. ஆனால் அதே பங், கேம்பாய்க்குச் சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்குப் போட்டியும் நடத்தியது. ஜெர்மனியில் ஆலிவர் விட்சாவ் எழுதிய நானோலூப், ஸ்வீடனில் யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே இரண்டும் கேம்பாயை இசைக்கருவியாக மாற்றியவை. இன்றைக்கும் மேடைகளில் வாசிக்கிறார்கள். ஃபிளாஷ் கேசட் இல்லாமல் அந்த இசை இல்லை. இப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதும் மென்பொருளுக்குத்தான் ஹோம்ப்ரூ என்று பெயர். நாம் "வீட்டுச் சமையல்" என்று வைத்துக்கொள்ளலாம்.

2001ல் கேம்பாய் அட்வான்ஸ் வந்தது. உள்ளே ஏ.ஆர்.எம். வகைச் செயலி. இந்த ஏ.ஆர்.எம். என்ற பெயரை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வரும். இந்தக் கருவியில் இன்னொரு வசதி. ஒரு கேசட்டை வைத்து இரண்டு பேர் விளையாட, இணைப்பு வயர் வழியாக 256 கிலோபைட் வரை நிரலை அடுத்த கருவிக்கு அனுப்பலாம். இதைப் பார்த்த ஆர்வலர்கள் வயரின் மறுமுனையைக் கணினியில் சொருகினார்கள். கேசட்டே இல்லாமல் சொந்த நிரல் ஓடியது. காசில்லாத மாணவர்களுக்கு அதுதான் முதல் பள்ளிக்கூடம்.

இப்போது பெங்களூருக்குத் திரும்புவோம்.

கேம்பாய் அட்வான்ஸ் வந்த அதே 2001ல், ஏப்ரல் 25ஆம் தேதி, பெங்களூரில் ஒரு கையடக்கக் கருவியை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் நாலு பேர் - விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் - என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களோடு சேர்ந்து ஒரு அறக்கட்டளை அமைத்துச் செய்தது. 1998ல் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் முளைத்த யோசனை. கிராமத்து ஆட்கள் பகிர்ந்துகொள்ளும் கணினி. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. கருவி பஞ்சாயத்தில் இருக்கும், உங்கள் கார்டைச் சொருகினால் அது உங்கள் கணினி. விலை இலக்கு 200 டாலர். அந்த ஆண்டின் முக்கியமான கணினிக் கண்டுபிடிப்பு இதுதான் என்று எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார்.

உள்ளே என்ன? ஏ.ஆர்.எம். குடும்பத்து ஸ்ட்ராங்-ஆர்ம் செயலி, 206 மெகாஹெர்ட்ஸ். கேம்பாய் அட்வான்ஸ் 17 மெகாஹெர்ட்ஸ்கூட இல்லை. நினைவகம் 32 அல்லது 64 மெகாபைட். மேலே ஓடியது லினக்ஸ். தொடுதிரை. ஹிந்தி, கன்னடம், தமிழ் எல்லாம் பேச வேண்டும், காட்ட வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே போட்ட திட்டம்.

இதில் பூட்டே கிடையாது! மென்பொருள் திறந்த மூலம். அதைவிட ஆச்சரியம், வன்பொருள் வரைபடத்துக்கும் ஒரு பொது உரிமம் எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிச் செய்யலாம். மாற்றியதைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அறக்கட்டளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். 48 பைட் சின்னத்தை வைத்துக் கதவடைத்த உலகத்தில், சாவியையும் வீட்டுப் படத்தையும் சேர்த்தே கொடுத்த கருவி.

2004 மார்ச்சில் அமிதா சிம்ப்யூட்டர் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பிகோபெட்டா நிறுவனம் வடிவமைக்க, ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. நம் ஓட்டு இயந்திரங்களைச் செய்யும் அதே பி.இ.எல். எங்கள் பக்கத்துத் தெருக்களிலிருந்து நிறையப் பேர் வேலைக்குப் போன இடம். கருவியைச் சாய்த்தால் அதை உணர்ந்து விளையாட்டு நகரும் வசதிகூட அதில் இருந்தது. ஐஃபோன் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால்!

விற்றது சுமார் 4000. எதிர்பார்த்தது ஐம்பதாயிரம்.

அதே 2004 நவம்பரில் நிண்டெண்டோ டி.எஸ். வந்தது. இரண்டு ஏ.ஆர்.எம். செயலிகள், பெரியது 67 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 4 மெகாபைட். தொடுதிரை. முழுக்க முழுக்கப் பூட்டு. கடைசிக் கணக்கில் விற்றது 15 கோடியே 40 லட்சம்.

திறமையில் சிம்ப்யூட்டர் தோற்கவில்லை. அரசாங்கத்தின் பெரிய கொள்முதல் வரவில்லை. அது வராமல் விலை இறங்கவில்லை. அதற்குள் 2003லேயே ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டது. விவசாயிக்குப் பேசத்தான் கருவி வேண்டியிருந்தது. சிம்ப்யூட்டருக்கு விளையாட்டு எழுத, மென்பொருள் எழுத ஒரு கூட்டமும் சேரவில்லை. திறந்து வைத்த வீட்டுக்கு விருந்தாளி வரவில்லை.

பூட்டிய வீட்டுக்கு என்ன நடந்தது தெரியுமா? உலகம் முழுக்கப் பையன்கள் வந்து ஜன்னல் வழியாக ஏறினார்கள்.

2005ல் பாஸ்-மி என்று ஒரு சின்ன அட்டை வந்தது. அசல் டி.எஸ். கேசட்டை அதன் முதுகில் சொருக வேண்டும். கருவி "நீ அசல்தானா?" என்று கேட்கும்போது அசல் கேசட்டே பதில் சொல்லும். சோதனை முடிந்த கணத்தில் அட்டை குறுக்கே புகுந்து, கீழே உள்ள பழைய கேம்பாய் அட்வான்ஸ் துளையில் இருக்கும் நிரலுக்குத் திருப்பிவிடும். அடுத்து அசலே தேவைப்படாத கேசட்டுகள். அதில் பேர் எடுத்தது ஆர்4. வடிவம் டி.எஸ். கேசட், முதுகில் கைப்பேசிக்குப் போடும் மைக்ரோ எஸ்.டி. அட்டை. கணினியில் கோப்பை இழுத்துப் போட்டால் போதும்.

ஆர்4 மாதிரி பத்து இருபது வகை வந்ததால் ஒரு சிக்கல். ஒவ்வொன்றும் எஸ்.டி. அட்டையைப் படிக்கும் விதம் வேறு. ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது. சிஷ்ம் என்ற புனைபெயரில் இயங்கியவர் டி.எல்.டி.ஐ. என்ற முறையைக் கொண்டுவந்தார். ஊருக்கு ஊர் பிளக் மாறும்போது நாம் பெட்டியில் அடாப்டர் எடுத்துப் போகிறோமே, அதே யோசனை. நிரலில் ஒரு காலி இடம் விட்டுவை, எந்த அட்டையோ அதன் ஓட்டியை அங்கே ஒட்டிக்கொள். சம்பளம் வாங்காமல் இரவு விழித்துச் செய்த வேலை இது. ஸ்வீடன்காரர் யென்ஸ் ஆண்டர்சன் 2007ல் கலர்ஸ் என்று ஒரு ஓவியம் வரையும் நிரலை டி.எஸ்.ஸுக்கு வீட்டுச் சமையலாக எழுதினார். 2012ல் அதன் அடுத்த வடிவம் நிண்டெண்டோவின் சொந்தக் கடையிலேயே விற்பனைக்கு வந்தது. ஜன்னல் வழியாக வந்தவருக்கு வாசலில் ஆரத்தி!

2008 விடுமுறையில் ஊருக்குப் போனபோது தண்டவாளத்தைத் தாண்டி மெஜஸ்டிக் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினேன். டி.எஸ். விற்ற ஒரு கடையில் தம்பி ஒருவன் சொன்ன வார்த்தை இன்னும் மறக்கவில்லை. "சார், கார்டு போட்டே தர்றேன். நூறு கேம் இருக்கு. ஒரிஜினல் கேசட்டெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார், வெலை தெரியும்ல?" மஞ்சள் கேசட்டின் பேரன்தான் ஆர்4 என்று அப்போதுதான் புரிந்தது. அந்தத் தம்பிக்கு ஹோம்ப்ரூ என்ற வார்த்தை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நூறு விளையாட்டையும் எழுதியவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இந்த இரண்டு உண்மையும் ஒரே அட்டைக்குள் இருப்பதுதான் நீதிமன்றங்களைப் படுத்தி எடுத்தது. 2008ல் நிண்டெண்டோவும் 54 விளையாட்டு நிறுவனங்களும் டோக்கியோவில் வழக்குப் போட்டன. 2009 பிப்ரவரியில் ஆர்4 விற்கத் தடை. 2009 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நேர் எதிராக, விற்பவர் பக்கம் சொன்னது. 2011ல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2010ல் லண்டன் உயர்நீதிமன்றம், சொந்த நிரலும் ஓடும் என்பது விற்பவருக்குச் சாக்காகாது என்றது.

கனடாவில் இருக்கும் நமக்கு நெருக்கமான தீர்ப்பு 2017 மார்ச்சில் வந்தது. ஒன்டாரியோ வாட்டர்லூவில் ஃபிளாஷ் கார்டுகள் விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் நிண்டெண்டோ போட்ட வழக்கு. ஃபெடரல் கோர்ட் விதித்த தொகை சுமார் 1 கோடியே 27 லட்சம் டாலர். 585 விளையாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 20,000 டாலர் என்று பெருக்கிய கணக்கே 117 லட்சம். அதோடு 10 லட்சம் தண்டனைத் தொகை. தீர்ப்பில் எனக்கு வியப்பான பகுதி வேறு. கேசட்டும் துளையும் சாவியும் பூட்டும் மாதிரிப் பொருந்தும் அந்த வடிவமே ஒரு பாதுகாப்புப் பூட்டு என்று நீதிமன்றம் ஏற்றது. பிளாஸ்டிக்கின் வடிவம்! ஹோம்ப்ரூ வாதம் எழுந்தது. ஆனால் அதற்குப் போதிய சாட்சி இல்லை, சொந்த விளையாட்டு எழுத நிண்டெண்டோவே வழி வைத்திருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள்.

கனடா இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது 2012ல். அதே 2012ல் இந்தியாவும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 65ஏ பிரிவைச் சேர்த்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் தெரியும். கனடாவில் பூட்டை மீறுவதே தவறு, அதற்குச் சில விலக்குகள் உண்டு. இந்தியாவில் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் திறந்தால்தான் குற்றம், இரண்டு வருஷம் வரை சிறை. நோக்கம் என்ற ஒரு வார்த்தையில் ஒரு கடலே இருக்கிறது. மெஜஸ்டிக் தம்பியின் நோக்கமும், இரவு விழித்து நிரல் எழுதும் பையனின் நோக்கமும் ஒன்றில்லை என்று பார்க்க இந்தியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இங்கே அந்த இடம் ரொம்பச் சின்னது.

இதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம்.

ஒன்று, பழசு செத்துக்கொண்டிருக்கிறது. 2023 மார்ச் 27ஆம் தேதி நிண்டெண்டோ 3டி.எஸ். கருவிக்கான இணையக் கடையை மூடியது. அங்கே மட்டும் விற்ற விளையாட்டுகளை இனிக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. அதே வருஷம் ஜூலையில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று தெரிந்தது. கேம்பாய் விளையாட்டுகளில் கிடைப்பது 6 சதவீதம்கூட இல்லை. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்ட அனுமதி கேட்டபோது 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. மிச்சமிருப்பது பரணில் கிடக்கும் அசல் கேசட்டுகளும், அவற்றைப் பிரதி எடுத்து வைத்த ஆர்வலர்களும்தான். ஓலைச்சுவடியைச் செல்லரித்த கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் என் வீட்டில் இருக்கிறது. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் கேம்பாய்க்கு விளையாட்டு செய்கிறாள். பாட்டி தமிழ் எழுத்துகளைத் தேடிப் பிடிப்பதுதான் கதை. அங்கேதான் தமிழ் மாட்டிக்கொண்டது. கேம்பாய் திரை 160க்கு 144 புள்ளி. எல்லாமே 8க்கு 8 கட்டங்கள். ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் அடங்கும். நம் "ண", "ஞ" எல்லாம் அதில் நசுங்கிவிடும். 16க்கு 16 எடுத்தால் வரிசைக்குப் பத்து எழுத்து, ஒன்பது வரிசை. கட்டங்களுக்கான நினைவகம் 384 கட்டம் மட்டும். ஒரு எழுத்துக்கு நாலு கட்டம் என்றால் 96 எழுத்து. நமக்கோ 247. கொம்பையும் காலையும் தனியாக வைத்தால் "கொ", "கோ" வரிசைகள் மிச்சம். ஆனால் "கு", "கூ" வரிசையில் ஒவ்வொன்றும் தனி வடிவம். கடைசியில் அந்தந்தக் கட்டத்துக்குத் தேவையான எழுத்தை மட்டும் ஏற்றுவது என்று முடிவு செய்தாள். "அப்பா, எல்லா எழுத்தும் ஒரே நேரத்துல எதுக்கு? பாட்டியும் ஒரு நாளைக்கு நாலுதானே சொல்லிக் குடுக்கறாங்க?" என்றாள். சிம்ப்யூட்டர் செய்தவர்கள் மோதிய பிரச்சினையின் குட்டி வடிவம் இது என்று அவளுக்குச் சொன்னேன். பெங்களூரில் அப்படி ஒன்று செய்தார்கள் என்பதே அவளுக்குச் செய்தி.

எழுதியதை நிஜமான கேம்பாயில் பார்க்க வேண்டுமே? கீவ் நகரத்துப் பொறியாளர் ஒருவர் செய்யும் எவர்டிரைவ் மாதிரி ஃபிளாஷ் கேசட் இல்லாமல் நடக்காது. வீட்டில் ஒரே சட்டம்தான்: அந்த அட்டையில் நீ எழுதியது, இல்லை எழுதியவரே இலவசமாகக் கொடுத்தது, இரண்டைத் தவிர வேறு எதுவும் ஏறக்கூடாது. அவளுக்கு அது கஷ்டமாகவே இல்லை. ஒரு விளையாட்டை எழுத எத்தனை நாள் ஆகிறது என்று கையால் தெரிந்த பிள்ளைக்கு, அடுத்தவர் உழைப்பை ஓசியில் எடுக்கக்கூடாது என்று பாடம் நடத்த வேண்டியதில்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது இந்திய அறிவியல் கழகத்து வாசலை அவளுக்குக் காட்ட வேண்டும். அப்படியே தண்டவாளத்தைத் தாண்டி ஒக்கலிபுரமும்.

பி.கு.: பரணில் பழைய போகிமான் கேசட் வைத்திருப்பவர்களுக்கு. உள்ளே வட்ட பேட்டரி ஒன்று உண்டு. நீங்கள் சேமித்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது அதுதான். கோல்டு, சில்வர் இரண்டிலும் கடிகாரமும் சேர்ந்து ஓடுவதால் சீக்கிரம் தீரும். பேட்டரியைக் கழற்றினால் சேமித்ததும் போய்விடும். அதனால் முதலில் சேமிப்பைக் கணினிக்கு எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பேட்டரி மாற்றுங்கள். பிள்ளை வளர்த்த பிக்காச்சு பிழைக்கட்டும் :-)